நாரி நோவை நாமே கவனிப்போம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், பழைய மாணவியான இயன்மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் ஓடித்திரிந்த நாங்கள், இன்று கதிரையை விட்டு எழும்பும்போது எத்தனை பேர் நாரியைப் பிடிக்கிறோம் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானும் அவர்களில் ஒருத்திதான்.

என் அம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளி, வளவு கூட்டி, ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். "பெண்ணாய்ப் பிறந்தால் நாரி நோகத்தான் செய்யும்" என்று சொல்லியே காலத்தைக் கழித்தார். நான் இயன்மருத்துவம் படித்து முடித்தபோது அவர் உயிரோடு இல்லை. அவருக்குச் சொல்ல முடியாமற் போனதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவெலும்பு இருபக்கமும் இடுப்பெலும்போடு சேருமிடத்தில் இரண்டு மூட்டுகள் உண்டு. அவை மிகச் சிறிதளவே அசையும். ஆனால் மேலுடம்பின் பாரம் கால்களுக்கு இறங்குவது அவற்றின் வழியேதான். கர்ப்பகாலத்தில் அவற்றைப் பிணைக்கும் இணையங்கள் தளர்வதால், அக்காலத்திலும் பிள்ளைப்பேற்றின் பின்னும் பலருக்கு நோ வருகிறது. படியேறும்போதும், படுக்கையில் புரளும்போதும், ஒற்றைக்காலில் நின்று உடுப்பு மாற்றும்போதும் அது குத்தும்.

நோ வந்தால் நாட்கணக்காகப் படுத்திருப்பது பழைய வழக்கம். அது தசைகளை இன்னும் பலவீனமாக்கும். இயன்றளவு நடமாடுங்கள். துணி சுற்றிய சுடுநீர்ப் பையை 15 நிமிடம் வைக்கலாம். பிறகு, பாயில் மல்லாந்து முழங்கால்களை மடித்துப் படுத்து, இம்மூன்றையும் செய்யுங்கள்.

ஒன்று: வயிற்றை மெல்ல உள்ளிழுத்து நாரியைப் பாயோடு அழுத்தி 5 விநாடி வைத்திருங்கள். இதை 10 தடவை செய்யுங்கள்.

இரண்டு: பிட்டத் தசைகளை இறுக்கி இடுப்பை உயர்த்தி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். இதுவும் 10 தடவை.

மூன்று: ஒரு முழங்காலை இரு கைகளாலும் நெஞ்சை நோக்கி 20 விநாடி இழுத்துப் பிடியுங்கள், பிறகு மற்றக் கால்.

மூச்சை அடக்க வேண்டாம். நோ கூடினால் நிறுத்துங்கள். கர்ப்பிணிகள் வைத்தியரையோ மருத்துவமாதுவையோ கேட்டே செய்ய வேண்டும்.

புரளும்போது இரு முழங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்துப் புரளுங்கள். சரிந்து படுத்தால் முழங்கால்களுக்கிடையே தலையணை வையுங்கள். இருந்துகொண்டு உடுப்பு மாற்றுங்கள். பிள்ளையை எப்போதும் ஒரே இடுப்பில் தூக்காதீர்கள்.

சலம், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சலம் போகாமல் அடைத்தாலோ, கவட்டுப் பகுதி விறைத்தாலோ, கால் பலமிழந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோவோடு காய்ச்சல், உடல் மெலிவு இருந்தாலும், விழுந்தபின் நோ வந்தாலும், முன்னர் புற்றுநோய் இருந்திருந்தாலும் வைத்தியரிடம் தாமதியாமற் காட்டுங்கள்.

வீட்டிலே அம்மாவோ மாமியோ இருந்தால், இன்றிரவே அவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள். நான் பிந்திவிட்டேன், நீங்கள் பிந்தாதீர்கள்.