சட்டம் காத்த உயிர்களும் நமக்குள்ள கடனும்

(திருகோணமலை மாவட்டம் தம்பலகாமத்தில் கமக்காரரும் அரசாங்க ஊழியரும் சட்டத்தரணிகளும் கூடிய கூட்டமொன்றில், கட்சி அமைப்பாளரான சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



கந்தளாய்க் குளத்து நீர் பாயும் இவ்வயல்வெளியின் நடுவே நின்று, நெல் விலையைப் பற்றியோ, காணி பறிபோவதைப் பற்றியோ, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பேசாத கூட்டம் நமது மாவட்டத்தில் ஏது? ஆயினும் இன்று, நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் மாத்திரம் பேசப்படும் ஒன்றைப் பற்றிப் பேச வந்துள்ளேன். தற்கொலையைப் பற்றியே கூறுகின்றேன்.

1995ஆம் ஆண்டில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. மாண்டவருட் பெருந்தொகையினர் நாட்டுப்புறத்தவர். பயிருக்கென வாங்கிய மருந்தே அவர்களுக்கு யமனாயிற்று. விதி என்றனர் சிலர். கோழைத்தனம் என்றனர் வேறு சிலர். மருத்துவர்கள் கண்டறிந்ததோ வேறு. ஒரு நாழிகைக் கோபத்திலும் அவமானத்திலும் செய்தவர்களே அநேகர். நெடுநாள் எண்ணித் துணிந்தவர் குறைவு. அந்நேரத்தில் கைக்கெட்டும் பொருளின் கொடுமை குறைந்திருந்தால் மனிதன் பிழைக்கின்றான். பிழைத்தவருட் பெரும்பாலோர் மீண்டும் வாழவே விரும்புகின்றனர்.

இதனை வைத்துச் சட்டம் என்ன செய்தது என்பதைச் சட்டம் படித்தவன் என்ற முறையில் சற்று விரித்துக் கூற அனுமதியுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பதிவாளர் ஒருவருக்கு மருந்துகளை அனுமதிக்கவும் மறுக்கவும் அதிகாரம் அளித்தது. 1984இல் பரதயோன் தடுக்கப்பட்டது. 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடொபொஸ் ஆகியன நிறுத்தப்பட்டன. 1998இல் எண்டோசல்பான். 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் என்பன படிப்படியாக விலக்கப்பட்டன. வயலுக்கு வேறு மருந்து இருந்தது. மனிதனைக் கொல்லும் மருந்து மட்டும் கடையை விட்டுப் போயிற்று. இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சல் குறைந்ததா எனக் கமக்காரர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அத்தடைகளால் விளைச்சல் குறைந்ததற்குச் சான்றில்லை என்பதையும் ஆராய்ந்தே கூறியுள்ளனர்.

2021ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரசாயன உரமும் மருந்தும் ஒரே வர்த்தமானியால் ஒரேயடியாகத் தடுக்கப்பட்டன. ஆராய்ச்சியுமில்லை, மாற்றுமில்லை. அவ்வாண்டு நவம்பரில் அரசாங்கமே அதனைக் கைவிட்டது; அதற்குள் உங்கள் வயல்கள் மஞ்சளாகிவிட்டன. ஆகவே தடை என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் சுருங்குவதில் வியப்பில்லை. ஆனால் சான்றைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக விலக்கியதையும், கண்ணை மூடிக்கொண்டு யாவற்றையும் விலக்கியதையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தகாது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இன்னோர் உதாரணம் அயல் மாவட்டத்திலேயே உண்டு. மருந்தைப் பூட்டி வைக்கும் பெட்டியை வீடுதோறும் கொடுத்தால் மரணம் குறையும் எனப் பலரும் நம்பினர். நானும் நம்பினேன். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53,000க்கு மேற்பட்ட குடும்பங்களிடையே அதனைச் சோதித்துப் பார்த்தனர். பாதிக் கிராமங்களுக்குப் பெட்டி கொடுத்து, மற்றவற்றுடன் மூன்றாண்டுகள் ஒப்பிட்டனர். 2017இல் முடிவு வெளியாயிற்று: பெட்டியாற் பயன் விளைந்ததற்குச் சான்றில்லை. சோதியாமல் நாடெங்கும் பெட்டி வழங்கியிருந்தால், பணமும் போய், செய்துவிட்டோம் என்ற பொய்த்திருப்தியும் எஞ்சியிருக்கும். அமைச்சர் ஒருவர் பெட்டி கையளிக்கும் புகைப்படமும் எஞ்சியிருக்கும் என்பது வேறு கதை.

இனி நமது பங்குக்கு வருகின்றேன். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து நகரங்களில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவருக்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடல். பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ சுகம் விசாரித்தல். அவ்வளவே. விசாரிக்கப்பட்டவர்களிடையே தற்கொலை மிகக் குறைந்திருந்தது. பெரிய கட்டடம் வேண்டியதில்லை. விலையுயர்ந்த யந்திரமும் வேண்டியதில்லை. போய்க் கதவைத் தட்டுவதற்கு ஆள் வேண்டும். அவ்வாள் அவர்தம் மொழியிற் பேச வேண்டும்.

மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை, அடுத்த மாதம் யார் விசாரிக்கின்றார்கள்? சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட அதிகாரம். கிழக்கு மாகாண சபையின் காலமோ 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் பல்லாண்டுகள் தேர்தலே நடைபெறவில்லை. கேட்பதற்குச் சபையில்லாத காலத்திற் கேட்க வேண்டியவர்கள் நாமே.

இன்னொரு தடை அச்சம். தற்கொலை முயற்சி முன்னர் தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. அவ்வேற்பாடு 1998இல் நீக்கப்பட்டது. ஆயினும் பொலிசுக்குப் பயந்து உண்மையை மறைக்கும் குடும்பங்களை இன்றும் காண்கின்றேன். சட்டத்தரணி நண்பர்களே, அது குற்றமன்று என்பதை ஊரூராகச் சொல்வது நமது வேலை. 1926 என்ற இலக்கத்தைச் சுழற்றினால் தேசிய மனநல உதவிச் சேவை எந்நேரமும் பேசும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1956இல் நமது முன்னோர் கால்நடையாகவே திருமலைக்கு யாத்திரை வந்தனர். வாக்குக் கேட்க நாமும் படலை படலையாக நடக்கின்றோம். ஒரு கிராமத்துக்கு இருவர் வீதம், இரகசியம் காக்கத் தெரிந்தவர்களாக, மருத்துவரின் பயிற்சியுடன் இவ்வேலைக்கு நடக்க முடியாதா? முதலில் இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகளில் தொடங்குவோம். ஓராண்டுக் கணக்கைச் சுகாதார அதிகாரிகளே பார்க்கட்டும். பயன் தெரிந்தால் மாவட்டமெங்கும் விரிப்போம், தெரியாவிட்டால் அதையும் ஒளியாமல் இம்மேடையிலேயே அறிவிப்பேன்.

மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கான மனு வாயிலருகே மேசையில் உள்ளது. வாசித்துப் பார்த்து, உடன்பட்டால் மட்டும் கையொப்பமிடுங்கள்.