ஒரு சொல், 645 பொருள்



ஓடுதலைக் குறிக்கும் எளிய ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. மட்டைப்பந்தாட்டத்தின் வாயிலாகத் தெருவில் விளையாடும் சிறுவர் வாயிலும் புகுந்துவிட்ட சொல் அது. ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாமையின், ஈண்டு அஃது 'இரன்' என்றே வழங்கப்பெறும். செவிக்குச் சற்றுப் புதிதாயினும் பொறுத்தருள்க.

'இரன் என்றால் ஓடு' என்று நெட்டுருப் போட்ட மாணவன், ஆங்கிலப் பாடநூலில் குழாய் இரன் ஆவதையும், சளி பிடித்த குழந்தையின் மூக்கு இரன் ஆவதையும் காண்கிறான். 'குழாய் ஓடுகிறது, மூக்கு ஓடுகிறது' என்று விடைத்தாளில் எழுதுகிறான். வகுப்பு நகைக்கிறது, மதிப்பெண் குறைகிறது. பிழை அவனதன்று. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று கற்பித்த முறையே பிழை.

ஆங்கிலேயரின் பேரகரமுதலி ஆக்சுபோர்டு அகரமுதலி. அதன் முதற் பகுதி 1884இல் வெளிவந்தது. முதற் பதிப்பு 1928இல்தான் நிறைவுற்றது. நெடுங்காலம் அதன் ஆசிரியராயிருந்த சேம்சு மர்ரே அந்நாளைக் காணாமலே 1915இல் மறைந்தார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்த சொல் 'செட்' என்பது. அதன் வினைக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்; அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். தனி நூலாகவே அச்சிடலாம்! பின்னர், மூன்றாம் பதிப்புக்கெனத் திருத்தம் செய்கையில் 'இரன்' அதனை முந்திற்று. அதன் வினைவடிவுக்கு மட்டும் 645 பொருள் என 2011இல் செய்தி வந்தது. அச்சொல் ஒன்றையே ஆராய்ந்து வகுக்கப் பீட்டர் கில்லிவர் என்னும் அகரமுதலி அறிஞர்க்கு ஒன்பது மாதம் ஆயிற்று.

இவ்விரண்டும் ஒரு தன்மையன அல்ல. 'செட்' என்பதில் இரு வேறு சொற்கள் கலந்துள்ளன. வைத்தலைக் குறிப்பது பழைய ஆங்கிலச் சொல். கூட்டத்தைக் குறிப்பதோ இலத்தீனிலிருந்து பிரஞ்சின் வழியாக வந்தது. ஒலி ஒன்றாய்ப் போனமையின் ஒரு சொற்போல் தோன்றுகின்றது. 'இரன்' அவ்வாறன்று, ஒரே அடிமரம் கிளைத்தது. காலால் விரைதல் முதற் பொருள். நீரும் விரைதலின் ஆற்றுக்கு ஆயிற்று. ஆற்றிலிருந்து மூக்குக்கும், துவைக்கையில் கலங்கும் சாயத்துக்கும் சென்றது. அசையாது கிடக்கும் சாலையும் ஊரிலிருந்து ஊருக்கு நீளுதலின் அச்சொல்லைப் பெற்றது. பொறிகள் பெருகிய காலத்தில் ஆங்கிலேயர் புதுச்சொல் தேடி அலையவில்லை. பழைய சொல்லையே நுகத்திற் பூட்டினர். தொடர்வண்டியும் ஆலையும் இரன் ஆயின. பொறியை இயக்குவது போலக் கடையையும் பள்ளியையும் நடத்துவது அப்பெயர் பெற்றது. இன்று கணிப்பொறியில் நிரலும் அவ்வாறே இயங்குகின்றது.

வேடிக்கையும் உண்டு. வைப்பகத்தில் நம்பிக்கை இழந்தோர் தம் பணத்தை மீட்கத் திரள்வதும் 'இரன்' எனப்படும். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் இராக்கு என்னும் வைப்பகத்தின் வாயில்களில் மக்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றனர். அவர்கள் நின்ற நிலைக்குப் பெயர் ஓட்டம்! தேர்தலில் போட்டியிடுவோர் அமெரிக்காவில் ஓடுகின்றனர், இங்கிலாந்தில் நிற்கின்றனர். தமிழரும் நிற்கவே செய்கின்றனர்.

இத்தனை பொருளிருந்தும் ஆங்கிலேயர் மயங்குவதில்லை. எங்ஙனம்? விடை தொல்காப்பியத்தில் உள்ளது. பல பொருள் ஒரு சொல்லைத் தொல்காப்பியர் இரண்டாக வகுத்தார். வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் பொருள் தெளிவது ஒன்று. அவ்வாறு தெளியாது நிற்பது மற்றொன்று. 'மா பூத்தது' எனின் மரம். 'மா ஓடிற்று' எனின் விலங்கு. ஆங்கிலச் சொல்லும் இந்நெறிக்கு அடங்கியே நிற்கின்றது. மூக்கு அருகில் நின்றால் ஒழுக்கு. கடை நின்றால் நடத்துகை.

'இரன் என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. தமிழ் போதாது' என்று சொல்லித் திரிவார் உளர். 645 பொருட்கும் ஒரே சொல் எம்மொழியில் உண்டு? இருக்கத்தான் வேண்டுமா? மூக்கு ஒழுகும், சாயம் கலங்கும், பொறி இயங்கும், கடை நடக்கும், சாலை செல்லும். இடந்தோறும் தனிச்சொல் இருப்பதைக் குறையென்பார்க்கு என்ன மறுமொழி சொல்வது! மொழிபெயர்ப்போர் சொல்லைப் பாராது சொற்றொடரைப் பார்த்தால் இக்குழப்பம் எழாது. மாணவர்க்கும் தனிச்சொல்லாகக் கற்பியாமல், குழாய், மூக்கு, கடை எனத் துணைச்சொல்லோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

தமிழ் பயில வரும் ஆங்கிலேயன் படும் பாட்டையும் எண்ணுக. பேருந்து ஓடுகிறது என்பது அவனுக்கு எளிது. திரைப்படம் நூறு நாள் ஓடிற்று என்பதும் விளங்கும். அவன் மொழியிலும் அவ்வழக்கு உண்டு. கூரைமேல் ஓடு என்றவுடன் யாரோ கூரைமேல் ஏறி ஓடுவதாகத் திகைப்பான். அது வேறு சொல் என்று தேற்றிய பின், 'செய்தி கேட்டு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்னும் தொடர் வரும். கால் ஓடாமை புரிகிறது, கை எப்போது ஓடிற்று என்று கேட்பான்.