வாசலைத் தாண்டிப் போனவர்களின் கணக்கு

கோமாரி உறவுகளே! பொத்துவிலில் இருந்தும் திருக்கோவிலில் இருந்தும் வந்திருக்கிற உம்மாமாரே, அம்மாமாரே, தம்பிமாரே!

ஊர் ஆஸ்பத்திரிக்கு இரவிலும் ஒரு டொக்டர் வேண்டும் என்று எங்கே போய்க் கேட்டாலும் பதில் ஒன்றுதான். நோயாளிகள் வருவதில்லையாம், பதிவுப் புத்தகத்தைப் பார்க்கட்டாம்.

பார்ப்போம். அந்தப் புத்தகத்தில் உள்ளே வந்தவர் பெயர் இருக்கும். இருட்டினால் டொக்டர் இருக்கமாட்டார் என்று தெரிந்து, வாசலில் நிறுத்தாமலே ஓட்டோவை விட்டவர் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நெஞ்சைப் பிடித்துக்கொண்ட வாப்பாவை அக்கரைப்பற்றுக்கு ஏற்றிப்போன மகனின் பெயர் எங்கே? டொக்டர் இல்லாததால் சனம் போவதில்லை. சனம் போகாததால் டொக்டர் தருவதில்லை. இந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டது நாமா?

வயல் காவலுக்குப் போகிறவனைக் கேளுங்கள். புடையன் பாம்பு கடித்தால் நம் நாட்டில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்தது. அதை ஏற்றும்போதே சிலருக்கு ஒவ்வாமை வந்து மூச்சடைக்கும், பிரஷர் விழும். ஆகவே மருந்துப் போத்தல் மட்டும் இருந்து பயனில்லை. பக்கத்தில் டொக்டரும் மிஸ்ஸியும் நிற்கவேண்டும். பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017இல் சேர்த்தது. புறக்கணிப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

1990க்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறதே என்பார்கள். 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நம் பக்கமும் வந்த சேவை அது. எத்தனையோ உயிரைக் காத்தது; அந்தப் பிள்ளைகளுக்கு என் நன்றி. ஆனால் யானை குறுக்கே வரும் ஏ4 வீதியில், நடுச்சாமத்தில், வண்டி எவ்வளவு தூரம் ஓடவேண்டும் என்பதை யார் தீர்மானித்தது?

இலங்கையில் நிர்வாக மாவட்டம் 25. சுகாதாரப் பிராந்தியமோ 26. கூடிய அந்த ஒன்று நம் கல்முனை. இந்தக் கரைக்குத் தனிச் சுகாதாரப் பணிமனை வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் கரையின் தெற்கு ஓரத்தையும் கணக்கில் எடுங்கள்!

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் சின்ன ஆஸ்பத்திரிகளை மாகாண சபையின் கையில் கொடுத்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. பிறகு தேர்தல் நடத்தவில்லை. நாம் வாக்குப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவரும் அங்கே இல்லாதபோது, யாருடைய சட்டையைப் பிடித்துக் கேட்பது?

டொக்டர்மாரை நான் ஏசமாட்டேன். 2022 நெருக்கடியில் எத்தனையோ பேர் நாட்டை விட்டே போனார்கள். இங்கே வருகிறவர் பிள்ளைகுட்டியோடு இருக்க ஒழுகாத குவாட்டர்ஸ் கொடுங்கள், லீவு எடுக்கும் நாளுக்கு மாற்று ஆள் போடுங்கள். நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. பெயர்ப்பலகைத் திறப்புவிழாவும் கேட்கவில்லை.

மேடைக்குப் பக்கத்து மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. போன வருசம் இரவில் ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனவர்கள் எழுதுங்கள். பெயர் வேண்டாம். எந்த ஊர், எத்தனை மணி, என்ன வருத்தம், எங்கே போய்ச் சேர்ந்தீர்கள், ஓட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், இவ்வளவும் போதும். எழுதத் தெரியாத உம்மாமாருக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். கொப்பி நிறைந்ததும் கல்முனைப் பணிமனைக்கும், அங்கிருந்து திருகோணமலை மாகாண அலுவலகத்துக்கும் நாமே கொண்டுபோய் அவர்களுடைய பதிவுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைப்போம்.