ஆபீஸ் இரும்புப் பெட்டியில் துப்பாக்கி: சாவி யார் கையில்?

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

 

நாங்கள் பேசப்போகும் விஷயத்தைத் தலைவர் அறிவித்ததும் சிலர் சிரித்தீர்கள். "சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று வந்தோம், துப்பாக்கியைப் பற்றி எதற்கையா பேச்சு? நம்மிடம் பால்வெட்டுக் கத்தியைத் தவிர என்ன ஆயுதம் இருக்கிறது?" என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் நாம் வேலை செய்யும் கூரைக்குக் கீழே இருக்கிறது. அதன் சாவி நம்மில் ஒருவன் இடுப்பில் தொங்குகிறது. அதனால்தான் பேச வந்தோம்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். கம்பெனித் தோட்டமல்ல, தனி முதலாளியுடையது. முதலாளியிடம் சர்க்கார் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. காலையில் ஆபீஸுக்கு வந்ததும் அதைக் கழற்றி, செக்ரோல் புத்தகமும் ரொக்கமும் வைக்கிற அதே இரும்புப் பெட்டியில் வைப்பார். மாலையில் சில நாள் எடுத்துப் போவார், சில நாள் மறந்து போவார். பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், மற்றொன்று கிராணியிடம். ஒரு முறை வெளியூர் போனவர் நாலு நாள் திரும்பவில்லை. துப்பாக்கி பெட்டியிலேயே கிடந்தது. அந்த நாலு நாளும் கிராணி சரியாகத் தூங்கவில்லை. பெட்டியைத் திறக்காமல் பெயர் போட முடியாது, கணக்கு எழுத முடியாது. திறந்தாலோ கண்ணெதிரே அது. ஐந்தாம் நாள் எங்களிடம் வந்து, "அண்ணே, இது என்னுடைய வேலையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் எங்களுக்குத் தெரியவந்ததைத்தான் இங்கே சொல்கிறோம். நாங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். சட்டமோ மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஆகையால் விஷயம் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தோம்.

இந்த நாட்டில் ஆயுதங்களுக்கான அடிப்படைச் சட்டம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவர் கையில் இருக்கிறது. அச்சட்டம், உரிமமோ அனுமதிச் சீட்டோ இல்லாத எவரும் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கைவசம், காவல், கட்டுப்பாடு என்று மூன்று சொற்களைப் போடுகிறது. இந்த மூன்று சொற்களையும் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்தால்தான் குற்றம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. பூட்டிய பெட்டிக்குள் இருந்தாலும் அது ஒருவருடைய காவலில்தான் இருக்கிறது. யாருடைய காவலில் என்பதுதான் கேள்வி.

ஒரு பொருள் ஒருவன் வசம் இருந்ததா என்று பார்க்கும்போது நீதிமன்றங்கள் பொதுவாக இரண்டு விஷயங்களை ஆராயும். அந்தப் பொருளை எடுக்கவும் வைக்கவும் அவனுக்குச் சக்தி இருந்ததா? அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியுமா? இப்போது நம் கிராணியை நினைத்துப் பாருங்கள். சாவி இருக்கிறது, ஆகவே சக்தி இருக்கிறது. தினமும் கண்ணால் பார்க்கிறார், ஆகவே தெரியும். இல்லாதது ஒன்றே ஒன்று: அவர் பெயரில் உரிமம்.

"எல்லாம் சட்டப்படி இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது" என்று முதலாளி சொல்கிறார். அவரளவில் உண்மைதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கார் உரிமம் கொடுத்தது ஓர் ஆளுக்கு. இரும்புப் பெட்டிக்கும் கொடுக்கவில்லை, பெட்டியைத் திறக்கிறவனுக்கும் கொடுக்கவில்லை. முதலாளி பக்கத்து அறையில் இருக்கும்போது ஒரு மாதிரி, அவர் நாலு நாள் ஊரில் இல்லாதபோது வேறு மாதிரி. காவல்காரர்களைப் பாருங்கள். பாதுகாப்புக் கம்பெனி உரிமம் பெற்ற துப்பாக்கியாயிருந்தாலும், அதைச் சுமக்கும் காவலாளிக்கு அவன் பெயரில் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். சம்பளம் வாங்கிக் காவல் காக்கிறவனுக்கே அப்படியென்றால், செக்ரோல் எழுதுகிற கிராணிக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமா?

தண்டனையையும் சொல்லிவிடுகிறோம். பயமுறுத்த அல்ல. தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்து பயப்படுவது நல்லது. 1971ஆம் ஆண்டு இயற்றப்பட்ட துப்பாக்கித் தண்டனை உயர்வுச் சட்டத்தின்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தீர்ப்பானால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு 6க்குக் குறையாத பிரம்படி. நம் கிராணியை நீதிமன்றம் விடுதலை செய்யக்கூடும். முதலாளி வந்து சாட்சி சொன்னால் வழக்கே வராமலும் போகலாம். ஆனால் முதலாளி வந்து சாட்சி சொல்லுவார் என்ற நம்பிக்கையில் ஒரு குடும்பஸ்தன் 14 ஆண்டைத் தலையில் சுமந்துகொண்டு கணக்கு எழுத வேண்டுமா? சம்பளப் பட்டியலில் அதற்கென்று ஏதாவது அலவன்ஸ் கண்டிருக்கிறீர்களா?

இந்த நாட்டுத் தமிழ்த் தொழிலாளிக்குத் துப்பாக்கிச் சட்டம் என்பது ஏட்டிலுள்ள விஷயமல்ல. மலாயாக் கணபதியை உங்களில் வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், இளைஞர்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தஞ்சைச் சீமையில் பிறந்து இங்கே வந்தவர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தபோது சம்மேளனம் தடைக்குள்ளாயிற்று. 1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் பக்கத்தில் வாட்டர்ஃபால் தோட்டத்தில் அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஒரு ரிவால்வரும் 6 தோட்டாக்களும். அதைக் கண்டெடுத்துப் போலீஸில் ஒப்படைக்கக் கொண்டுபோனதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. எடுபடவில்லை. அவசரகால விதிகளின்படி அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. இந்திய சர்க்கார் தலையிட்டும் பயனில்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

அவருடைய அரசியலில் நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு, அதை இங்கே அவிழ்க்க வேண்டாம். இன்றைய சட்டம் அன்றைய அவசரகால விதியுமல்ல. நாங்கள் காட்ட வந்தது இவ்வளவுதான்: அது எப்படி இவனிடம் வந்தது, எதற்காக வைத்திருந்தான் என்ற கதையெல்லாம் பிடிபட்ட பிறகு சொன்னால் ஏறாது. சொல்ல வேண்டியதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், அதுவும் எழுத்தில்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீஸே ஆயுதசாலை மாதிரி இருந்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்கார துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துரைமார் துப்பாக்கியில்லாமல் வெளியே இறங்கவில்லை. பங்களாவைச் சுற்றிக் கம்பிவேலி, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். காலையில் வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளைக்கூட, சோறு கடத்துகிறார்களா என்று சோதனை போட்டுத்தான் அனுப்பினார்கள். அதில் ஒரு பாடம் உண்டு, பழைய ஆட்கள் சொல்லக் கேட்டது. துப்பாக்கி இருக்கிற இடத்தைத் தேடித்தான் துப்பாக்கி வேண்டியவன் வருவான். காட்டிலிருந்தவர்கள் காவல் நிலைகளைத் தாக்கியது ஆளைக் கொல்ல மட்டுமல்ல, ஆயுதத்தை எடுக்கவும்தான். இன்று காட்டில் யாருமில்லை. ஆனால் திருடன் இருக்கிறான். ஆபீஸ் பெட்டியில் ரொக்கம் இருக்கிறதென்று தெரிந்தால் வருகிறவன், துப்பாக்கியும் இருக்கிறதென்று தெரிந்தால் வராமலா போவான்? வரும்போது யார் கழுத்தைப் பிடிப்பான்? சாவி வைத்திருக்கிறவன் கழுத்தைத்தான்.

முதலாளியின் பயத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. தோட்டத்துச் சாலை தனிச்சாலை. முன்னெல்லாம் சம்பளப் பணத்தை டவுன் வங்கியிலிருந்து பையில் கட்டிக்கொண்டு வந்த காலத்தில் கிராணிமாரும் அதே பயத்தோடுதான் வண்டியில் உட்கார்ந்து வந்தார்கள். ஆனால் இப்போது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி சம்பளம் பொதுவாக வங்கிக் கணக்கிலேயே போய் விழுகிறது. பெட்டியில் இருப்பது சில்லறைச் செலவுக்கான பணம். அதைக் காக்கத் துப்பாக்கி வேண்டுமென்றால், தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் கேட்கிறோம்.

நாங்கள் மூவர் போய்ப் பேசினோம். முதலாளி முதலில் கோபித்துக்கொண்டார். "என் ஆபீஸ், என் பெட்டி, என் லைசென்ஸ். சங்கத்துக்கு இதில் என்ன?" என்றார். ஐயா, ஆபீஸ் உங்களுடையதுதான், ஆனால் அது எங்கள் வேலைத்தலம் என்று சொன்னோம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டினோம். வேலையாட்களின் பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பு என்பது அதன் உயிர். திருத்தப்பட்ட அந்தச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது. 40 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். பால் கொட்டகையில் அமிலம் வைக்கும் இடத்தைப் பற்றிக் குழுவில் பேசுகிறோம். மருந்தடிக்கும் விஷத்தைப் பூட்டி வைக்கச் சொல்கிறோம். தோட்டா போட்ட துப்பாக்கி மட்டும் பேசக்கூடாத பொருளா?

கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சரி, இரண்டாவது சாவியை நானே வைத்துக்கொள்கிறேன்" என்றார். அது தீர்வாகவில்லை. சாவி போனால் கிராணி காலையில் செக்ரோலை எடுக்க முடியாது. பெரட்டுக்கு வந்த ஆட்கள் பெயர் போட ஆளில்லாமல் நிற்பார்கள். பிரிக்க வேண்டியது சாவியை அல்ல, பெட்டியை என்று சொன்னோம். துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு சிறிய இரும்புப் பெட்டி. அவருடைய சொந்த அறையில், சுவரிலோ தரையிலோ அசையாதபடி முடுக்கியது. சாவி ஒன்றே ஒன்று, அது உரிமக்காரர் உடம்போடு. உள்ளே வைக்குமுன் தோட்டாக்களைக் கழற்றி வேறு பூட்டில் வைப்பது. மாலையில் கூடவே எடுத்துப் போவது. ஊருக்குப் போவதானால் ஆபீஸில் விட்டுப் போகாமல் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்துகொள்வது. இவ்வளவுக்கும் முன்னால், ஆபீஸில் இப்படி வைத்துக்கொள்ளலாமா, என்ன நிபந்தனை என்று உரிமம் கொடுத்த போலீஸ் தலைவர் ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதிப் பதில் வாங்கி வைப்பது. கடிதத்துக்குத்தான் ரொம்பத் தயங்கினார். "போலீஸை எதற்கு இழுக்கிறீர்கள்?" என்றார். சட்டப்படி இருக்கிறவருக்குப் போலீஸிடம் கேட்க என்ன தயக்கம் என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

தனிப்பெட்டி வந்துவிட்டது. கடிதம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தத் தீர்மானம்.

அதற்குமுன் ஒரு சொல், கிராணித் தோழர்களுக்கு. கிராணி என்றால் துரையின் ஆள் என்று லயத்தில் ஒரு பேச்சு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் "முதலாளி நம்பிக் கொடுத்தார்" என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். நம்பிக் கொடுத்தது சம்பளக் கணக்கு, அது மரியாதை. துப்பாக்கிச் சாவி மரியாதையல்ல, சுமை. நாளை யாராவது "இதைக் கொஞ்சம் உள்ளே வை" என்று நீட்டினால், தொடாதீர்கள். "ஐயா, என் பெயரில் அனுமதி இல்லை, நீங்களே வையுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதே நாளில் தேதி போட்டு எழுதி, ஒரு நகல் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெட்டியில் கண்டால் எடுத்து இடம் மாற்றி வைக்கவும் வேண்டாம், திறந்து தோட்டா இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டாம். மூடிவிட்டு உடனே உரிமக்காரருக்குச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் போலீஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். இன்று நம் லயங்களில் வங்காளதேசத்துச் சகோதரர்களும் இந்தோனேசியச் சகோதரர்களும் இருக்கிறார்கள். ஆபீஸைக் கூட்டுவதும் துடைப்பதும் பல இடங்களில் அவர்கள்தான். மேசை இழுப்பறையில் துப்பாக்கி கிடந்து, அதைத் துடைக்கப்போய்க் கையில் எடுத்த நேரத்தில் யாராவது உள்ளே வந்தால், மொழியும் தெரியாமல் பாஸ்போர்ட்டும் கையில் இல்லாமல் அந்த ஆள் என்ன பதில் சொல்லுவான்? அவன் சங்கத்தில் சேர்ந்திருக்கிறானோ இல்லையோ, தீர்மானத்தில் அவனையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

செயலாளர் இப்போது தீர்மானத்தைத் தமிழிலும் மலாயிலும் வாசிப்பார். உரிமக்காரரைத் தவிர வேறு எந்த ஊழியரிடமும் துப்பாக்கிப் பெட்டியின் சாவி இருக்கக் கூடாது என்பது முதல் பகுதி. நிர்வாகம் போலீஸுக்கு எழுதும் கடிதத்தின் நகலை 14 நாளுக்குள் கிளைக்குத் தர வேண்டும் என்பது இரண்டாவது. இந்தக் கெடு போதாது, ஒரு மாதம் கொடுக்கலாம் என்று பின்வரிசையில் சிலர் அபிப்பிராயப்படுவதாகத் தெரிகிறது. அவர்கள் எழுந்து சொல்லட்டும், பேசி முடித்துவிட்டு வாக்கெடுப்புக்குப் போகலாம்.