முந்தி வந்தவரும் மூச்சுத் திணறுபவரும்



ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டவரை 108 வண்டியில் ஏற்றிக் குரோம்பேட்டைக்கோ செங்கல்பட்டுக்கோ அனுப்ப நாம் அறிவோம். அரசு அவசரச் சிகிச்சை மையத்தின் வாயிலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயாளரைப் பிரிப்பதை அறிவோமா? முந்தி வந்தவர்க்கல்ல, மூச்சுத் திணறுபவர்க்கே அங்கு முதலிடம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, பதவி பாராது காயம் பார்த்தே வரிசை வகுத்தார். கடைசியில் நிறுத்தப்பட்டே பழகிய நமக்கு இது சிறு செய்தியன்று.

ஆயினும், ஒதுங்கி நிற்கும் நம் பழக்கம் அங்கே உயிர் குடிக்கும். அலறுபவரினும் பேச்சற்றுக் கிடப்பவர் நிலை மோசமாயிருக்கலாம். மூச்சு எப்படி, நினைவுண்டா, குருதி எவ்வளவு போயிற்று, எத்தனை மணிக்கு நேர்ந்தது என்பவற்றைத் தயங்காது நாம் சொல்லவேண்டும். காத்திருக்கையில் நிலை தளர்ந்தால், மீண்டும் பார்க்கும்படி கேட்கவேண்டும், பச்சை சிவப்பாவதுண்டு.