செய்வோரும் சோதிப்போரும்

கட்கியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையை நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டுவதில்லை. 1869ஆம் ஆண்டில் தோன்றிய தொழிற்சாலை அது. இத்தகைய தொழில்களில் வழங்கி வரும் முறையொன்று உண்டு. பொருளைச் செய்பவர் ஒருவர். அதனைச் சோதித்து ஒப்புதல் அளிப்பவர் வேறொருவர். செய்தவரே தம் பொருளுக்குச் சான்று கூறினால் போதாது என்பது இதன் கருத்து. நோயைக் கண்டறியும் கருவிகளைச் செய்வோர்க்கும் இம்முறை எத்துணை இன்றியமையாதது என்பதை இன்று ஆராய்வோம்.

புனேயிலிருந்து கட்கி வழியே செல்லும் புறநகர் ரயில், 1954இல் பெனிசிலின் உற்பத்திக்காக அரசாங்கம் நிறுவிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை அமைந்த பிம்ப்ரியைக் கடந்து, லோணாவளாவை அடைகிறது. அங்கே பரிசோதனைப் பொருள்களைச் செய்து வந்தது மைலாப் டிஸ்கவரி சொல்யூஷன்ஸ் என்னும் இளம் நிறுவனம். மஞ்சட்காமாலைக்குக் காரணமான பி, சி வைரஸ்களையும், எச்.ஐ.வி.யையும் கண்டறியும் பரிசோதனைத் தொகுப்புகளில் அது முன்னரே அனுபவம் பெற்றிருந்தது.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனாத் தொற்று பரவிய போது, இதனை வழிநடத்தியோர் நால்வரை இங்கே நினைவுகூர்வோம். நிர்வாக இயக்குநர் ஹஸ்முக் ராவல். செயல் இயக்குநர் சைலேந்திர கவடே. மருத்துவ விவகாரங்களைக் கவனித்த டாக்டர் கௌதம் வான்கடே. ஆராய்ச்சிப் பிரிவின் தலைவியும் வைரஸ் இயல் அறிஞருமான மினல் தகாவே போசலே அம்மையார். ஒருவர் பொறுப்பு மற்றவர் பொறுப்பன்று. எனினும் ஒருவரின்றி மற்றவர் பணி நிறைவேறாது.

மினல் அம்மையார் அப்பொழுது நிறைமாதக் கர்ப்பிணி. பிப்ரவரியில் கர்ப்பகாலத் தொல்லையால் மருத்துவமனையில் தங்கித் திரும்பிய சில நாட்களிலேயே இப்பணியைத் தொடங்கினார். மூன்று நான்கு மாதங்கள் பிடிக்கும் வேலையைப் பத்துப் பேர் கொண்ட குழு ஆறே வாரங்களில் முடித்தது. மார்ச் 18ஆம் நாள் தொகுப்பு மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டது. மறுநாள் அம்மையாருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

விரைவைப் போற்றுகிறோம். ஆனால் விரைவினும் பெரிது ஒன்றுண்டு. ஒரே மாதிரியைப் பத்து முறை சோதித்தாலும் பத்து முறையும் ஒரே விடை வர வேண்டும் என்பதே அக்குழுவினர் தமக்கு விதித்துக் கொண்ட நெறி. இந்நெறி பிறழ்ந்தால் நேர்வது யாது? நோயுற்றவர் நோயில்லை என்று நம்பி, வீட்டிலுள்ள முதியோரிடையே உலவுவார். நோயற்றவரோ நோயாளிகளிடையே கிடத்தப்படுவார். பிழை ஆய்வுக்கூடத்தினுடையது, துன்பமோ குடும்பத்தினுடையது.

ஆகவே தான் அத்தொகுப்பு புனேயிலுள்ள தேசிய வைரஸ் இயல் நிறுவனத்துக்குச் சென்றது. 1952இல் வைரஸ் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் மதிப்பீட்டில் அது முழு வெற்றி பெற்றது. மார்ச் 23ஆம் நாள் அரசின் அனுமதியும் கிடைத்தது. இறக்குமதித் தொகுப்பில் சோதனை ஒன்றுக்கு 4,500 ரூபாய் ஆன காலத்தில், இதில் 1,200 ரூபாயே ஆயிற்று. முடிவும் இரண்டரை மணி நேரத்தில் தெரிந்தது.

2021ஆம் ஆண்டு மே மாதம் இந்நிறுவனத்தின் வீட்டுப் பரிசோதனைத் தொகுப்பும் அனுமதி பெற்றது. அதிலும், நோய்க்குறி இருந்தும் தொற்றில்லை என்று விடை வருமாயின் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவுறுத்தியது. ஒரு சோதனைக்கு மற்றொரு சோதனை காவல் ஆயிற்று.

இக்காவல் இல்லாத இடத்தில் நிகழ்வதை அமெரிக்காவில் கண்டோம். எலிசபெத் ஹோம்ஸ் என்னும் பெண்மணி 2003இல் தெரனாஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தால் எண்ணற்ற சோதனைகள் இயலும் என்றார். அதன் இயக்குநர் குழுவில் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிங்கர் போன்ற முன்னாள் அமைச்சர்கள் வீற்றிருந்தனர். ராஜதந்திரம் அறிந்த அவர்கள் இரத்தப் பரிசோதனை அறிந்தவர் அல்லர். 2015இல் பத்திரிகை ஒன்று உண்மையை வெளியிட்டது. 2018இல் நிறுவனம் கலைந்தது. முதலீட்டாளரை வஞ்சித்தமைக்காக 2022இல் அவருக்குப் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

புகழ்பெற்ற பெயர்கள் தலைமை ஆகா. ஆய்வுக்கூடத்தை அறிந்தவர் தலைமையில் இடம் பெற்றிருக்கிறாரா? "இன்னும் ஆகவில்லை" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? பொருள் பிறர் கையில் சோதனைக்கு உட்பட்டதா? நம் பிள்ளைகள் இத்தகைய நிறுவனங்களில் பணி ஏற்கும் காலம் இது. சம்பளத்தை விசாரிக்கும் போதே இம்மூன்றையும் விசாரித்தறியுமாறு அவர்களுக்குச் சொல்லி வைப்பது நம் கடமையாகும்.