ஆட்டமும் கணக்கும் ஒரே கையில்

(சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கையடக்க விளையாட்டுக் கருவியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளரிடம் கூறியபொழுது, மூத்த அங்கத்தவர் ஒருவர் முகஞ்சுளித்ததாக அறிந்தேன். பிள்ளைகள் இரவு பகலாகத் திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது போதாதென்று, சங்க மேடையிலும் அதற்கு வாழ்த்துப் பாடுவதா என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் நான் பேச வந்தது ஆட்டத்தை மாத்திரம் அன்று. ஆடுவதற்கும், நாட்கணக்கைக் குறித்து வைப்பதற்கும் ஒரே கருவி போதும் என்ற எண்ணம் எங்கே பிறந்தது, எப்படித் தோற்றது, தோற்ற பின்னும் நம் லயத்து வாசலுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையே சொல்ல வந்தேன்.

ஆட்டமும் கணக்கும் பகைப் பொருள்கள் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நம் பாட்டிமார் அப்படி எண்ணவில்லை. பல்லாங்குழிப் பலகையை நினைத்துப் பாருங்கள். எந்தக் குழியில் எத்தனை முத்து, எங்கே தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள் கூட்டிக் கழிக்கத் தெரியாதவள் அந்த ஆட்டத்தில் வெல்ல முடியாது. மடியில் வைத்து ஆடலாம். மடித்துக் கொண்டுபோகத்தக்க பலகைகளும் உண்டு. கையடக்கக் கருவி என்றால் அதுவும் ஒன்றுதானே!

மேனாட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு கைகளுக்குப் போயின. 1984ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சையோன் நிறுவனம் 'ஓர்கனைசர்' என்னும் சிறு கருவியை வெளியிட்டது. முகவரி, குறிப்பு, கணக்கு எல்லாம் அதனுள் அடங்கும். உத்தியோகத்தருக்கு உரிய பொருள் அது. 1989இல் யப்பானின் நிண்டெண்டோ 'கேம்போய்' கருவியைக் கொண்டுவந்தது. அது சிறுவருக்கு உரியது. தந்தையின் சட்டைப்பையில் ஒன்று, மகனின் காற்சட்டைப்பையில் மற்றொன்று.

குறிப்பேட்டுக் கருவிகளுள் பெரும் புகழ் பெற்றது 1996இல் வந்த 'பாம் பைலட்'. இதை ஆக்கிய ஜெஃப் ஹோக்கின்ஸ், கருவி உருவாகும் முன்னரே அந்த அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால் மரத்துண்டை எடுத்து, ஒரு குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோலப் பாவனை செய்வாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ, தெரியாது. ஆனால் அவர் அறிய விரும்பியது மிக முக்கியமான ஒன்று. மனிதன் இதை நாள் முழுதும் சுமந்து திரிவானா என்பதே அது. எத்தனை சிறந்த நாட்குறிப்பாயினும் வீட்டில் கிடந்தால் அதில் ஒன்றும் ஏறாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் பலர். 1997இல் அமெரிக்காவின் டைகர் நிறுவனம் 'கேம்.கொம்' என்னும் ஆட்டக் கருவியை விற்றது. அதில் நாட்காட்டி, தொலைபேசி இலக்க ஏடு, கணிப்பான், தொட்டெழுதும் திரை எல்லாம் இருந்தன. திரை மங்கல், ஆட்டங்கள் குறைவு, எடுபடவில்லை. அதே ஆண்டில் நோக்கியா 6110 தொலைபேசியில் பாம்பு ஆட்டம் வந்தது. நாட்காட்டியும் பாம்பும் ஒரே பெட்டியில்! அந்தப் பாம்பை இங்கே பெரியவர்களும் ஆடியிருக்கிறார்கள். இப்பொழுது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

இக்கூட்டுக் கருவிகளுள் மிகுந்த எண்ணத்தோடு செய்யப்பட்டது 'சோடியாக்'. பாம் நிறுவனத்திலிருந்து பிரிந்து சென்ற சிலர், கலிபோர்னியாவில் 2001இல் 'டப்வேவ்' என்னும் கம்பனியைத் தொடங்கி, 2003இன் இறுதியில் இதை வெளியிட்டனர். உலோக உடல். குறுக்காகப் பிடித்தால் இடது பெருவிரலுக்கு ஓர் அசைகோல், வலது பெருவிரலுக்குப் பொத்தான்கள், தோட்பட்டைபோல் மேலே இரண்டு விசைகள். குச்சியை எடுத்தால் அதே திரை நாட்குறிப்பாகிவிடும். 480க்கு 320 புள்ளிகள் கொண்ட வண்ணத் திரை. நினைவு அட்டைகளுக்கு இரண்டு துளைகள். இருவர் அருகருகே இருந்து கம்பியின்றி ஆடவும் வசதி. விலை 299 டொலர். கூடிய நினைவகம் உள்ளது 399. அன்றைய நாணய மாற்றில் குறைந்த விலையே ஏறத்தாழ 29,000 ரூபா. நம் தோட்டத்தில் அது ஒருவரின் பல மாதச் சம்பளம்.

கருவியைக் கண்டவர்கள் மெச்சினார்கள், வாங்கியவர்கள் சிலரே. ஆட்டம் வேண்டியவன் நிண்டெண்டோவின் கருவியை 100 டொலருக்குள் வாங்கினான். நாட்குறிப்பு வேண்டியவன் மலிவான பாம் ஒன்றை வாங்கினான். இரண்டையும் ஒரே விலையில் ஒரே பொருளாகக் கேட்டவன் அரிதாகவே இருந்தான். யப்பானின் சோனியும் 2004இன் இறுதியில் தன் ஆட்டக் கருவியோடு களத்தில் இறங்கவே, 2005 ஜூலையில் சோடியாக் விற்பனை நின்றது. இதே காலத்தில் நோக்கியாவின் 'என்-கேஜ்' என்பதும் வந்தது. அதில் ஆட்ட அட்டையை மாற்ற மின்கலத்தைக் கழற்றவேண்டும்! அதைப் பற்றி அதற்குமேல் பேசத் தேவையில்லை.

இக்கருவிகள் எல்லாம் கையில் காசுள்ளவனை நோக்கிச் செய்யப்பட்டவை. காசில்லாதவனை நோக்கி ஒரு கருவி செய்யப்பட்டது. அது நமக்கு அண்மையிலே, பெங்களூரிலே பிறந்தது. அதன் பெயர் 'சிம்பியூட்டர்'. எளிமை, மலிவு, பன்மொழி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களிலிருந்து கோத்த பெயர். இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வினய், இரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் கூடி 1999இல் இதற்கென ஓர் அறக்கட்டளையை அமைத்தனர். 2001இல் கருவியை உலகுக்குக் காட்டினர்.

இவர்கள் சிந்தித்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஏழைக்கு ஆளுக்கொரு கருவி இயலாது. ஊருக்கு ஒன்று இருக்கட்டும் என்றார்கள். ஆளுக்கு ஒரு சிறு அட்டை. அட்டையைச் செருகினால் கருவி அவருடையதாகும், எடுத்தால் அடுத்தவருடையதாகும். அவரவர் கணக்கு அவரவர் மடியில். எழுத்தறியாதவருக்குக் கருவியே இந்திய மொழியில் வாசித்துச் சொல்லும். 2004இல் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் உற்பத்தி செய்ய, பிக்கோபீட்டா நிறுவனம் 'அமிடா' என்ற பெயரில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. கையை அசைத்தாலே உணரும் நுட்பமும் அதனுள் இருந்தது. இன்று ஆட்டங்களில் தொலைபேசியைச் சாய்த்து வண்டி ஓட்டுகிறீர்களே, அந்த நுட்பம்தான். ஆப்பிளின் தொலைபேசி வருவதற்கு அப்பொழுது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

சிம்பியூட்டரும் விற்கவில்லை. பல்லாயிரம் எதிர்பார்த்த இடத்தில் சில ஆயிரமே போயிற்று. விலை பத்தாயிரம் இந்திய ரூபாயை அண்டியே தொடங்கியது. மலிவு என்ற பெயருக்கு அது பொருந்தவில்லை. அரசாங்கங்கள் சோதனைக்குச் சில வாங்கினவேயன்றிப் பெருந்தொகையாக வாங்கவில்லை. என் எண்ணத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்குப் பொதுவான பொருளை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சுவதில்லை. ஹோக்கின்ஸ் தம் மரத்துண்டைச் சுமந்ததுபோல் அதை எவரும் சுமக்கவில்லை.

பொதுவில் ஒரு கருவி என்ற எண்ணம் நம் கொத்மலைக்குப் புதிதன்று. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமுதாய வானொலியை மூத்தோர் அறிவர். தொண்ணூறுகளின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இணையம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் தேடி, கண்டதை ஊர்மொழியிலே ஒலிபரப்புவர். கணனியைக் கண்ணாலும் காணாதவர் வீட்டில் இருந்தபடியே அதன் பயனைக் கேட்டனர். உலகத்து ஆராய்ச்சியாளர் பலர் கொத்மலையின் பெயரை எழுதியது இதனால்தான். ஆனால் வானொலி எல்லாருக்கும் பொதுவான கேள்விக்கே பதில் சொல்லும். 'நேற்று நான் எத்தனை கிலோ பறித்தேன்?' என்று அதனிடம் கேட்க முடியாது.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். இதற்காகவே இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

சோடியாக்கும் சிம்பியூட்டரும் செய்ய விரும்பியதைக் கைத்தொலைபேசி செய்து முடித்துவிட்டது. இன்று லயத்தில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது. ஆட்டம் உண்டு, நாட்குறிப்பும் உண்டு, தமிழில் எழுதலாம், பேசினால் எழுதிக்கொள்ளும், எழுதியதை வாசித்தும் காட்டும். ஆனால் நாம் திறப்பது ஒரு பாதியை மாத்திரமே. காரணம் நம் சோம்பல் என்று மாத்திரம் சொல்வது அநியாயம். சோடியாக்கில் ஆட வேண்டுமானால் நீங்கள் ஆட்டத்தைத் தேடிப் போகவேண்டும். இன்றைய ஆட்டமோ உங்களைத் தேடி வந்து கூப்பிடுகிறது. 'உன் கோட்டை தாக்கப்படுகிறது, உடனே வா' என்கிறது. வந்தவனிடம் காசும் கேட்கிறது. நாட்குறிப்பு வாய்பேசாத பிள்ளை. நாம் சொல்லி வைத்தாலன்றி அது கூப்பிடாது.

தோட்டத்துக் கணக்கு யார் கையில் இருக்கிறது? பெரட்டுக்களத்தில் பேர் பதிவது செக்ரோலில். கொழுந்து நிறுத்து எழுதுவது கணக்கப்பிள்ளையின் ஏட்டில். சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசு வந்துவிட்டது. அங்கே எண் நேரே கம்பனியின் கணனிக்குப் போகிறது. எங்கு நோக்கினும் கணக்கு அந்தப் பக்கத்தில். பறித்தவள் பக்கத்தில் மாத முடிவில் வரும் சம்பளத் துண்டு ஒன்றே. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் முடிவால் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அதன்பின் ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்ற சச்சரவு மலைநாட்டில் பல தோட்டங்களில் எழுந்ததை யாவரும் அறிவோம். பிறகு சம்பளம் உயர்ந்தது; கிலோப் பேச்சு ஓயவில்லை. ஒரு கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகக்கூடிய இடத்தில், அந்தக் கிலோவை எழுதி வைக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

என் சின்னம்மா கொழுந்து பறிப்பவர். லயத்துக் கதவின் பின்புறம் கரித்துண்டால் கோடு கிழித்துக் கணக்கு வைப்பார். கதவைத் துடைத்தால் கணக்கும் போய்விடும். துண்டில் கிலோ குறைகிறது என்று கேட்கப் போனால், 'எழுத்தில் இருக்கிறதா?' என்பார்கள். சென்ற ஆண்டு அவருடைய மகன், என் தம்பி, தன் தொலைபேசியில் அதைக் குறிக்கத் தொடங்கினான். எந்நேரமும் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறான் என்று வீட்டில் ஏச்சு வாங்குபவன் அவன். திகதி, மூன்று நிறுவை, தண்ணீருக்கும் சாக்குக்கும் கழித்தது, மிச்சம். விரல் பழகியவன் ஆதலால் அரை நிமிடத்தில் முடித்துவிடுவான். முதல் மாதமே துண்டுக்கும் இவன் கணக்குக்கும் 38 கிலோ வித்தியாசம். திரையைக் காட்டிக் கேட்டதில் 20 கிலோவைத் திருத்தினார்கள். மிச்சம் பதினெட்டுக்கு இன்னும் பதில் இல்லை.

அத்தோடு கதை இனிதாக முடியவில்லை. தம்பிக்கு இதுவும் ஓர் ஆட்டமாகிவிட்டது. ஒரு மாலை, 'அம்மா, இன்னைக்கு இருபத்திநாலு! முந்தாநாளு ஸ்கோர முறிச்சிட்ட!' என்று துள்ளினான். சின்னம்மா கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கியபடியே, 'ஏன்டா, என் ஒடம்பு ஒனக்கு வெளையாட்டாடா?' என்று கேட்டார். அவன் வாயடைத்துப் போனான். அன்றிரவே 'ஸ்கோர்' என்ற தலைப்பை அழித்துவிட்டு 'அம்மா கிலோ' என்று எழுதினான். இலத்திரனியல் தராசு வைத்திருப்பவர்களும் நாளை இவளுக்கு முதலிடம், அவளுக்குக் கடையிடம் என்று பலகையில் எழுதத் தொடங்கினால், அந்தக் கேள்வியை யார் கேட்பது? கையில் சொந்தக் கணக்கு உள்ளவள் கேட்கலாம்.

ஆகவே, பெரியோர்களே, பிள்ளையின் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்காதீர்கள் என்று கேட்கிறேன். ஆட்டத்தால் பழகிய விரல் அது. அந்த விரலைக் கொண்டு உங்கள் கணக்கை எழுதுவியுங்கள். காசு கேட்கும் ஆட்டங்களை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் நான் உங்கள் பக்கம். வாலிப அன்பர்களே, உங்கள் தாயோ தமக்கையோ மலையிலிருந்து இறங்கி வந்ததும், அடுத்த ஆட்டத்தைத் தொடங்குமுன் மூன்று எண்களைக் கேட்டு எழுதுங்கள்.

இதற்கென்று புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தொலைபேசியில் உள்ள குறிப்பேடே போதும். அடுத்த மாதம் முதல் ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நானும் நண்பர்கள் இருவரும் இந்த மண்டபத்தில் இருப்போம். எழுத்தறியாத தாய்மாருக்கு, குரலால் பதிவு செய்யவும், பதிந்ததைத் தமிழில் கேட்கவும் சொல்லிக்கொடுப்போம். வருபவர்கள் தொலைபேசியோடு கடந்த மூன்று மாதச் சம்பளத் துண்டுகளையும் எடுத்து வாருங்கள். துண்டைத் தொலைத்தவர்களும் வரலாம்.